பால் விடாத கறி

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு
சாய்ந்தமருதுச் சந்தையில்
ஆறு கிலோ மாட்டிறைச்சி, எலும்பு வேறாக.
"என்ன மச்சான், விருந்தா?"
கத்தியைத் துடைத்தபடி இஸ்ஹாக் கேட்கிறான்.
விருந்தில்லை.
திங்களிலிருந்து அவளுக்கு ஐந்து நாள்
காலையும் அந்தியும் சேர்ந்த டியூட்டி.

நிஹாரா கல்முனை ஆஸ்பத்திரியில் தாதி.
நான் ஓட்டோ.
இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பது
ஒரு சுண்டு அரிசி வேகிற நேரம்தான்.

பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றுகிறாள்,
எங்கள் கலியாணத்துக்கு இரவல் வாங்கி
இன்னும் திருப்பிக் கொடுக்காத சட்டி.
வறுத்த மல்லி, மிளகு, கறுவா,
முற்றத்து ரம்பையில் இரண்டு இலை.
கிழங்கு போடலாமே என்றால்
"ஐஸுக்குள்ள கிழங்கு மாவாப் போகும்."
தேங்காய்ப்பால்?
"திரையும். அது சூடாக்கிற அண்டைக்கு."

பால் விடாத கறி
கறுப்பாக, கோபக்காரனைப் போல,
மின்விசிறிக்குக் கீழே ஆறுகிறது.

பிறகு பைகள்.
ஒரு பைக்கு ஐந்து கரண்டி.
உள்ளங்கையால் காற்றை வழித்து வெளியே தள்ளி
கொப்பி போலத் தட்டையாக்கி அடுக்குகிறாள்.
தட்டையாக இருந்தால் கெதியாக இளகுமாம்.
பெயர் எழுதக் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர்.
"ஆஸ்பத்திரிச் சாமானா?"
"பாமசியில வாங்கின. ரசீது காட்டவா?"

*திங்கள். எலும்பில்ல. பாண் வாங்குங்க.*
*செவ்வாய். உறைப்பு. தயிர் எடுங்க.*
*புதன். முழுக்கத் தின்னாம எனக்கும் வைங்க.*
வியாழன், வெள்ளிக்கு ஒன்றும் எழுதவில்லை,
அதற்குள் கை களைத்திருக்கும்.
ஆறாவது பையில் கிழமையே இல்லை:
*ஏலாத நாளைக்கு.*

திங்கள் காலை பத்து மணிக்கு
சந்தியில் ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
வார்டிலிருந்து ரகசியக் குரலில் போன்:
"மூடியத் திறக்காதீங்க.
திறந்து திறந்து பாக்கிறதாலதான் கெடும்."
நான் திறக்கவில்லை.
தொட்டுப் பார்த்தேன். காது வைத்துக் கேட்டேன்.
அஸர் நேரம், பிரீசரின் காலடியில்
ஒரு சொட்டு.

கடற்கரை ஐஸ் பெக்டரியில் ஊரே நின்றது.
எனக்கு முன்னால் ஐஸ்கிரீம்காரப் பொடியன்,
பின்னால் ஒருவர், துவாயில் சுற்றிய இன்சுலின் குப்பியுடன்.
அவரை முன்னுக்கு விட்டோம், ஐஸ்கிரீமும் நானும்.
அரைப் பாளம் ஐஸ் பயணி சீட்டில் ஏறி
பள்ளிவாசல் வீதி முழுக்கக் கோடு போட்டு வந்தது.
றியால் மச்சானின் மீன்பெட்டியைக் கழுவி
(கழுவினேன், சத்தியமாக)
பைகளைக் கிடத்தினேன்.
கரண்ட் வரும்போது இரவு பதினொன்று.

செவ்வாய் இரவு, முதல் வாயிலேயே நிமிர்ந்தாள்.
"இது மாடா, சூரையா?"
சிரித்துச் சிரித்து
தயிர் மேசையில் கொட்டியது.

ஏலாத நாள் புதனில் வந்தது.
வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல்
வாசல்படியில் இருந்தாள்.
வார்டில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை.
கேட்கிற முகமும் இல்லை அது.
புதன் பையை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.
பேசினில் தண்ணீர், அதற்குள் பை.
பிளாஸ்டர் ஈரத்தில் கழன்று
அவள் எழுத்து மேலே மிதந்தது.

அரைத் தேங்காய் துருவினேன்.
முதல் பால் ஒரு கோப்பை,
இரண்டாம் பால் ஒன்றரை.
கறி இளகிக் கொதி வந்ததும் இரண்டாம் பால்,
மறுகா முதல் பால்.
பொங்க விட்டால் திரைந்துவிடும்.
அடுப்பைக் குறைத்து
துழாவிக்கொண்டே நின்றேன்.
கறுப்பு மெல்ல மெல்லச் சிவப்பானது.

வாசலில்
ஒரு சப்பாத்து விழும் சத்தம்.
கொஞ்சம் பொறுத்து
மற்றது.